முதலில் ஈறைப் பார்

அன்புள்ள தம்பிக்கு,

அடுத்த வாரம் வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் உனக்கு அவசரப் பிரிவு போஸ்டிங் தொடங்குகிறது என்று அம்மா சொன்னாள். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து நோய்ப் பெயர்களை உருப்போடுகிறாயாமே. நன்றாகப் படி. ஆனால் அந்த வாசலில் நீ முதலில் போட வேண்டிய கணக்கு, அடுத்த ஐந்து நிமிடத்தை அந்த உயிர் தாங்குமா என்பதுதான். நோயின் பெயரைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.

ஓ.பி.யில் எல்லாவற்றையும் விசாரித்து, பரிசோதித்து, அப்புறம்தான் மருந்து எழுதப் பழகியிருப்பாய். இங்கே அந்த வரிசை செல்லாது. கொண்டுவந்தவர் பேசிக்கொண்டிருக்கும்போதே உன் கை வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும். மூச்சு எப்படி வருகிறது என்று பார். அடுத்து உதட்டைத் தூக்கி ஈறைப் பார். விரலால் அழுத்தி எடுத்தால், வெளுத்த இடம் 2 விநாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். தாமதமானால் ரத்த ஓட்டம் தளர்கிறது என்று அர்த்தம். நேரம் ஆக ஆக ரத்தக்குழாய் கிடைப்பதே கஷ்டமாகிவிடும், உடனே லைன் போடு. ஈறு வெளிறியிருந்தால் உள்ளே எங்காவது ரத்தம் கசிகிறதா என்று தேடு. எலி மருந்து தின்ற நாய் அப்படி வரலாம். நீலம் பாய்ந்திருந்தால் ஆக்சிஜன், மற்றதெல்லாம் அப்புறம். சித்திரை வெயிலில் மயங்கி விழுந்த பக் நாயின் ஈறு செங்கல் நிறத்தில் இருக்கும். பல நாய்களுக்கு ஈறே கறுப்பு. அப்போது கீழ் இமையை இழுத்து உட்புறத்தைப் பார்.

பூனையின் ஈறு பழுப்பாக இருந்து முகமும் பாதமும் வீங்கியிருந்தால், பாராசிட்டமாலை நினைத்துக்கொள். காய்ச்சல் என்று குழந்தைக்குக் கொடுக்கும் மருந்தைப் பாசத்தோடு ஊட்டியிருப்பார்கள். பூனையின் கல்லீரலால் அதை முறித்து வெளியேற்ற முடியாது. ரத்தம் இருந்தும் அது ஆக்சிஜனைச் சுமக்காது. மாற்று மருந்து அசிட்டைல்சிஸ்டீன். ஆனால் அது வரைக்கும் நீ போய்ச் சேருவது, கேட்கிற விதத்தில் இருக்கிறது. “என்ன கொடுத்தீங்க?” என்று அதட்டினால், “ஒண்ணும் கொடுக்கலைங்க” என்றுதான் பதில் வரும். “காய்ச்சலுக்கு ஏதாவது கொடுத்துப் பார்த்திருப்பீங்க. என்ன மருந்து, எவ்வளவுன்னு சொன்னா உடனே அதுக்கு மாத்து கொடுத்துடலாம்” என்று கேள். உண்மை வந்துவிடும். அவர்கள் ஏற்கெனவே பயந்துபோய் நிற்கிறார்கள். குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதே.

கடுவன் பூனை மலச்சிக்கலால் முக்குகிறது என்று சொல்லிக் கொண்டுவருவார்கள். அடிவயிற்றைத் தொட்டுப் பார். மூத்திரப்பை காயான எலுமிச்சை போலக் கெட்டியாக இருந்தால், அடைத்திருப்பது சிறுநீர். அடைப்பை எடுக்க அவசரப்படாமல் இதயத் துடிப்பை எண்ணு. வலியிலும் பயத்திலும் ஓட வேண்டிய துடிப்பு மெதுவாக இருந்தால் பொட்டாசியம் ஏறியிருக்கிறது. இதயத்துக்குக் கால்சியம் கொடுத்துக் காப்பாற்றிவிட்டுத்தான் அடைப்பிடம் போக வேண்டும்.

மாடுகளும் வரும். பொங்கல் சமயத்தில் மிஞ்சிய சோற்றை அள்ளிப் போட்டு, வயிறு புளித்துப் படுத்துவிட்ட மாடுகளைப் பார்ப்பாய். கன்று போட்ட மறுநாள் கழுத்தை விலாப்பக்கம் மடித்துக்கொண்டு, காது சில்லிட்டுக் கிடக்கும் பசுவுக்குப் பால் காய்ச்சல். பெயரில்தான் காய்ச்சல், உடம்பு குளிர்ந்திருக்கும். கால்சியத்தை ரத்தக்குழாயில் மிக மெதுவாக ஏற்று, ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சிலிருந்து எடுக்காதே. வேகமாகப் போனால் இதயம் நின்றுவிடும். சரியாகப் போனால் தசை நடுங்கும், ஏப்பம் விடும், சாணி போடும், பிறகு எழுந்து நிற்கும். இந்தத் தொழிலில் இதைவிடச் சந்தோஷமான காட்சியை நான் பார்த்ததில்லை. அந்தப் பாலை நம்பித்தான் ஒரு வீடு இருக்கிறது.

எல்லாம் பிழைக்காது. இறந்துவிட்டால் “இறந்துவிட்டது” என்றே சொல். “கஷ்டம்தான்” என்று இழுத்தால் அவர்கள் இன்னும் நம்பிக்கொண்டு நிற்பார்கள். செலவாகும் என்றால் தொடங்கும் முன்பே தொகையைச் சொல். பணமில்லை என்பவரைப் பாசமில்லாதவர் என்று எண்ணிவிடாதே.

கடைசியாக, நான் மிகவும் கவலைப்படும் விஷயம். எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல் ஒரு மாடோ நாயோ வரும். “தொண்டையில ஏதோ சிக்கிக்கிச்சு, கையை விட்டு எடுங்க” என்பார்கள். கையை விடாதே. ரேபீஸாக இருக்கலாம் என்று மூத்த டாக்டரிடம் சொல், கையுறை மாட்டு, சுற்றி நிற்பவர்களை விலக்கு. கொண்டுவந்தவர்களில் யாராவது வாய்க்குள் கை விட்டார்களா என்று கேட்டு, அவர்களை அன்றே தடுப்பூசிக்கு அனுப்பு. உன் கையில் கீறல் இருந்து எச்சில் பட்டால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவு. பிறகு மருத்துவமனைக்கு ஓடு. அறிகுறி வந்த பிறகு அந்த நோய்க்கு மருந்தே இல்லை.

முன்கூட்டிப் போட வேண்டிய ரேபீஸ் தடுப்பூசியை முழுசாகப் போட்டுக்கொண்டாயா? டூட்டி தொடங்கும் முன் தடுப்பூசி அட்டையைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அக்கா