ஓட்டக்காரரும் காந்த ஊசியும்

ஓரியன்டீரிங் என்றொரு பந்தயம். வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு, காட்டில் குறித்த இடங்களைத் தாமே கண்டுபிடித்து ஓடவேண்டும். 1985-இல் இதன் உலகப் போட்டி ஆஸ்திரேலியாவின் பெண்டிகோவில் நடந்தது.

மாணவர்களே, ஸ்வீடனிலிருந்து அங்கே செல்லும் வீரர், வழியில் தங்குமிடமெல்லாம் ஓடிக் கால்களைப் பழக்கத்தில் வைத்திருக்கலாம். அவருடைய திசைகாட்டியை என்ன செய்வது?

ஸ்டாக்ஹோமில் காந்தச் சரிவு 70 பாகைக்கும் மேல். அதாவது ஊசியின் வடமுனை அவ்வளவு கீழ்நோக்கிச் சாய முயலும். அதனால் ஊசியின் தென்பாதியைச் சற்றுக் கனமாக்கிச் சமன் செய்கிறார்கள். ஆஸ்திரேலியாவிலோ கீழே இழுக்கப்படுவது தென்முனை! கனமும் சேர்ந்துகொள்ள, ஊசி அடித்தட்டில் உரசி, திசை மாறியே நின்றுவிடலாம். திசைகாட்டியைச் சாய்த்துப் பிடித்துச் சமாளிப்போர் உண்டு. ஓட்டத்தின் நடுவே அதை நான் நம்பமாட்டேன். அந்தப் பகுதிக்கெனச் சமன்செய்த ஊசியே நல்லது.

போய் இறங்கியதும் திசைகாட்டியை மட்டமாகப் பிடித்து மெல்லத் திருப்பினால் போதும்: ஊசி தடையின்றி ஆடுகிறதா, இல்லையா என்பது தெரிந்துவிடும்.