விண்ணப்பத்துக்கு முன் கூட்டக் கொப்பி

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்களுக்கு இங்கிலிஷ் வரும் என்று தெரிந்ததும் ஊர்ச் சங்கங்கள் எல்லாம் படிவத்தோடு புதுக்குடியிருப்பில் உங்கள் வாசலுக்கு வருவதாக எழுதியிருந்தீர்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், நந்திக்கடலில் இறால் பிடிக்கும் குடும்பங்கள், மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள், தண்ணீரூற்றுப் பக்க முஸ்லிம் பெண்கள். நல்ல விசயம். ஆனால் இங்கிலிஷைக் கடைசிக்கு வையுங்கள். விண்ணப்பங்கள் பெரும்பாலும் சிக்குவது பத்திரத்தில்.

பதிவுச் சான்றிதழ், யாப்பு, வங்கிக் கணக்கு, கணக்கறிக்கை, பிரதேச செயலகத்தின் சிபார்சு என்று எல்லாக் கொடையாளர்களும் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான். கேட்கப்படும் சனங்களின் கதைதான் வேறுவேறு.

மலையகக் குடும்பங்களை எடுங்கள். தமிழருக்கு எதிரான 1977 கலவரத்துக்குப் பிறகு வன்னிக்கு வந்தவர்கள் பலர். டேவிட் ஐயாவும் டாக்டர் இராஜசுந்தரமும் நடத்திய காந்தியம் என்ற அமைப்பு அவர்களைக் குடியமர்த்தப் பாடுபட்டது. இராஜசுந்தரம் 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். மலையகத்தவரிடமிருந்து 1948இல் பறிபோன குடியுரிமை, கடைசியாக மிஞ்சியிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் திரும்பியது. இப்படி வந்தவர்களிடம் போய், பொதுக்கிணறு வேண்டுமானால் காணி அனுமதிப்பத்திரத்தின் பிரதியை இணையுங்கள் என்கிறது படிவம். அது கையில் இல்லாவிட்டால் அவர்களுக்காக நீங்கள் எழுதவேண்டிய முதல் கடிதம் பிரதேச செயலகக் காணிப் பிரிவுக்கு. அது நகரும்வரை காணி தேவைப்படாத ஆடு வளர்ப்புக்கோ தையல் மெஷினுக்கோ கேட்கலாம்.

முஸ்லிம் பெண்களின் சிக்கல் முகவரி. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் ஒரு தலைமுறையை வளர்த்துவிட்டுத் திரும்பியவர்களில் சிலருடைய வாக்காளர் பதிவு அங்கே, அடுப்பு இங்கே. அதை மறைக்கவேண்டாம். கிராம சேவகரிடம் வதிவிடச் சான்றிதழ் எடுத்து, ஏன் இரண்டு முகவரி என்பதை இரண்டு வசனத்தில் எழுதிவிடுங்கள். (கூட்டத்தை வெள்ளி மதியத் தொழுகை நேரத்தில் வைக்காதீர்கள். இதையும் சொல்லவேண்டியிருக்கிறது.)

எங்கட ஊர் ஆக்களுக்கு ‘நிறுவப்பட்ட ஆண்டு’ என்ற கட்டமே முள். 2009இல் போரின் முடிவில் கூட்டக் கொப்பியும் வங்கிப் புத்தகமும் தொலைந்த சங்கங்கள் பழைய ஆண்டையும் மீளப் பதிந்த ஆண்டையும் சேர்த்தே எழுதட்டும்.

இனி, நான் உங்களோடு கொஞ்சம் சண்டை பிடிக்கவேண்டிய இடம். எல்லோரையும் சேர்த்து ‘நல்லிணக்கம்’ என்று ஒரே புரொப்போசல் போட்டால் கிடைக்கும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். கிடைக்கலாம். காசு வந்த பிறகு அந்தக் கணக்கில் யார் கையெழுத்து வைப்பது? இறால் பிடிப்பவருக்கு ஐஸ் பெட்டி வேண்டும். தண்ணீரூற்றுப் பெண்களுக்கு வேறொன்று வேண்டும். இரண்டு தேவைக்கு இரண்டு விண்ணப்பம். சந்தையில் இடம் கேட்பதுபோல உண்மையிலேயே பொதுவான ஒன்று இருந்தால் மட்டும் சேர்ந்து கேட்கட்டும்.

அதற்கு முதல் கூட்டத்தில் போய் இருங்கள். ‘காலநிலை’, ‘பால்நிலை’ என்று அந்தந்த வருடத்துக்குக் கொடையாளர் விரும்பும் சொற்களை எடுத்துக்கொடுக்காதீர்கள். அவர்கள் கதைப்பதைச் செயலாளரே தமிழில் கொப்பியில் எழுதட்டும். நீங்கள் அதைப் பார்த்துப் படிவத்தை நிரப்புங்கள். நாளைக்குக் கண்காணிக்க வருபவர் கேள்வி கேட்கும்போது, பதில் சொல்லப்போவது நீங்களில்லை, அவர்கள்தான். உள்ளூர் மொழியை ஏற்கும் கொடையாளரும் உண்டு. ஐ.நா. அபிவிருத்தித் திட்டம் நடத்தும் உலகச் சுற்றாடல் வசதியத்தின் சிறு மானியத் திட்டம் 1992இல் தொடங்கியது. உள்ளூர் மொழியில் எழுதியதையும், பல நாடுகளில் வீடியோவாக எடுத்ததையும்கூட அது விண்ணப்பமாக ஏற்றிருக்கிறது. நந்திக்கடல் ஓரத்தில் கண்டல் நடும் யோசனை இருந்தால் அங்கே கேட்டுப் பார்க்கலாம். தமிழில் தரலாமா என்று முதலில் ஒரு போன் எடுத்துக் கேளுங்கள்.

கூலி வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பிரதி எடுத்த செலவு, பஸ் காசு வாங்குங்கள். அதுவும் கொப்பியில் ஏறட்டும். கிடைக்கும் பணத்தில் பங்கு பேசாதீர்கள். மூன்று கடையில் விலைமனு எடுக்கப் போகும்போது தனியே போகாமல், பொருளாளரையும் இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
அண்ணன்