நிரல் எழுதும் கலை

மக்கள் தம் உடலுழைப்பைக் குறைத்தற்பொருட்டு ஏற்றமும் செக்கும் வண்டியும் கண்டனர்; அறிவுழைப்பைக் குறைத்தற்பொருட்டுக் கணினியைக் கண்டனர். புகைவண்டியில் இருக்கை பதிவு செய்தலும், வங்கியில் பணம் செலுத்தலும், புயல் வரும் திசையை முன்கூட்டி உரைத்தலும் இன்று கணினியின் துணையாலேயே நடைபெறுகின்றன. ஆயினும், கணினி தானாக எதனையும் செய்வதன்று. ‘முதற்கண் இன்னது செய்க, அதன்பின் இன்னது செய்க’ என ஒருவர் நிரல்பட எழுதிவைத்த கட்டளைகளையே அது பின்பற்றுகின்றது. அக்கட்டளைத் தொகுதிக்கு நிரல் என்பது பெயர். ஆங்கிலத்தில் அதனைப் புரோகிராம் என்பர்.

நிரல் எழுதுதல் கணிதத்தில் பெரும்புலமை உடையார்க்கே உரியது என்றும், ஆங்கிலத்தில் வல்லார்க்கே இயல்வது என்றும், விலையுயர்ந்த பொறியை வீட்டில் உடையார்க்கே வாய்ப்பது என்றும் மாணவர் பலர் எண்ணி ஒதுங்குகின்றனர். இவ்வச்சம் வேண்டுவதன்று. நிரல் பிறக்கும் இடம் பொறி அன்று; தெளிந்த சிந்தனையே ஆகும். கணினியின் வரலாறே இதற்குச் சான்று பகரும்.

பொறிக்கு முன் பிறந்த நிரல்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து நாட்டில் சார்லஸ் பாபேஜ் என்னும் கணித அறிஞர் வாழ்ந்தார். பல்வகைக் கணக்குகளையும் தானே செய்யவல்ல பகுப்புப்பொறி ஒன்றை அவர் திட்டமிட்டார். அது பற்சக்கரங்களால் ஆனது. துளையிட்ட அட்டைகளின் வாயிலாகக் கட்டளைகளைப் பெறுவது. அப்பொறியைப் பற்றி இத்தாலியப் பொறியாளர் ஒருவர் பிரெஞ்சு மொழியில் எழுதிய கட்டுரையை, பைரன் என்னும் கவிஞரின் மகளாகிய ஏடா லவ்லேஸ் அம்மையார் ஆங்கிலத்தில் பெயர்த்து 1843ஆம் ஆண்டில் வெளியிட்டார். அம்மையார் அதனோடு சேர்த்து எழுதிய விளக்கக் குறிப்புகள் மூலக்கட்டுரையினும் நீண்டிருந்தன. அக்குறிப்புகளின் இறுதியில், பெர்னூலி எண்கள் எனப்படும் எண்வரிசையைக் கணக்கிடும் முறை, படிப்படியாக ஓர் அட்டவணையில் வகுத்துக் காட்டப்பட்டது. அதனையே உலகில் அச்சேறிய முதல் நிரல் என்று பலர் போற்றுவர்.

வியப்பு யாதெனின், அந்தப் பொறி அன்றும் முற்றுப்பெறவில்லை. 1871ஆம் ஆண்டில் பாபேஜ் மறையும்வரையிலும் முற்றுப்பெறவில்லை. இல்லாத பொறிக்கு, தாளும் எழுதுகோலுமே துணையாக, அம்மையார் நிரல் வகுத்தார். ஆதலின், கணினி கைக்கு வரும்வரையில் கற்கத் தொடங்குதல் இயலாது என்று மாணவர் மனம் தளர வேண்டுவதில்லை.

தெளிவே முதற்பாடம்

மூத்தவள் ஒருத்தி, “தம்பி, விளக்கேற்று” என்கின்றாள். அச்சிறுவன் விளக்கில் எண்ணெய் உண்டா என்று பார்க்கின்றான், இல்லையெனில் ஊற்றுகின்றான், திரியைத் தூண்டுகின்றான், பின்னர் ஏற்றுகின்றான். அவள் சொன்னது ஒரு சொற்றொடர்; அவன் செய்தவை பல செயல்கள். சொல்லாதனவற்றை அவன் தன் அறிவாலும் பழக்கத்தாலும் நிரப்பிக்கொண்டான். கணினியோ அவ்வாறு நிரப்பிக்கொள்ளாது. எண்ணெய் இல்லாத விளக்கில் தீக்குச்சியைக் கிழித்து வைக்கச் சொன்னால், அதனையே செய்து நிற்கும். ஆகவே, ஒரு செயலை அதன் சிறுசிறு படிகளாகப் பிரித்து, ஒன்றும் விடாது, ஐயத்திற்கு இடமின்றிச் சொல்லப் பழகுதலே நிரல் கற்போர்க்கு முதற்பாடம்.

இப்பழக்கம் தமிழ் மாணவர்க்குப் புதியதன்று. இலக்கணத்தில் புணர்ச்சி விதிகளைக் கற்கும்போதே அவர் இதனைச் செய்துவருகின்றனர். மரம் என்னும் சொல்லோடு கிளை என்னும் சொல் சேருங்கால், இறுதி மகரம் கெட்டு வல்லினம் மிக்கு, மரக்கிளை ஆகின்றது. வேர் என்னும் சொல் சேருங்கால், மகரம் கெட்டு மரவேர் என நிற்கின்றது. ‘வருமொழி முதலில் வல்லினம் இருப்பின் இன்னது செய்க, இடையினம் இருப்பின் இன்னது செய்க’ என்பது அன்றோ இதன் பொருள்? நிரல் எழுதுவோர் இதனை நிபந்தனை என்பர்.

கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தல் வரிசை எனப்படும். ஒரு நிலைமையை நோக்கி இருவழிகளுள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுதல் நிபந்தனை எனப்படும். குறித்த எல்லை வரும்வரையில் ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல் மீள்செயல் எனப்படும். கணக்கிடத்தக்க எதனையும் இம்மூன்று அமைப்புகளைக் கொண்டே நிரலாக எழுதுதல் கூடும் என்பதை, போம், யாக்கோப்பினி என்னும் இத்தாலிய அறிஞர் இருவர் 1966ஆம் ஆண்டில் நிறுவினர். ஆதலின் தொடக்கத்தில் கற்க வேண்டிய அடிப்படைகள் மிகச் சிலவே.

ஒரு சிறு கணக்கு

ஐந்து மாணவர் பெற்ற மதிப்பெண்கள் 47, 62, 58, 81, 73 எனக் கொள்க. இவற்றுள் மிகப் பெரியது யாது? கண்ணால் நோக்கிய அளவில் 81 என்று எவரும் கூறுவர். ஆயினும், ஐயாயிரம் எண்கள் இருப்பின் கண் களைத்துப்போகும். ஆகவே, அதற்கு ஒரு முறை வேண்டும். அம்முறையைப் பின்வருமாறு எழுதலாம்:

1. தாளில் ஒரு கட்டம் வரைந்து, அதற்குப் ‘பெரியது’ எனப் பெயரிட்டு, அதனுள் 0 என்று எழுதுக.
2. வரிசையிலிருந்து அடுத்த எண்ணை எடுக்க.
3. அவ்வெண் கட்டத்தில் உள்ள எண்ணினும் பெரிதாயின், பழையதனை அழித்துப் புதியதனை எழுதுக.
4. எண்கள் எஞ்சியிருப்பின், 2ஆம் படிக்குச் செல்க.
5. எஞ்சாவிடின், கட்டத்தில் உள்ள எண்ணை விடையாகக் கூறி நிற்க.

எழுதியபின், தாமே கணினியாக மாறி, இப்படிகளை ஒவ்வொன்றாகத் தாளில் நடத்திப் பார்த்தல் வேண்டும். கட்டத்தில் முதலில் 0 இருக்கும். பின்னர் 47 வரும். அதன்பின் 62 வரும். 58 சிறியது, ஆதலின் மாற்றம் இல்லை. அடுத்து 81 வரும். 73 சிறியது, மாற்றம் இல்லை. விடை 81. எண்கள் ஐந்தாயினும் ஐயாயிரமாயினும் முறை ஒன்றே. எண்ணை இட்டு வைக்கும் இக்கட்டத்தை நிரல்மொழிகளில் மாறி என வழங்குவர். அதில் உள்ள மதிப்பு மாறுதற்கு உரியது ஆகலின் அப்பெயர் பெற்றது.

பிழையும் ஓர் ஆசான்

மேற்கூறிய முறை செவ்விது என்றே தோன்றும். ஆயின், அதனைக் கொண்டே, பனிமலை சூழ்ந்த ஓர் ஊரின் வெப்பநிலைகளை ஆராய்ந்தால் என்னாகும்? நான்கு நாள்களின் அளவுகள் −9, −4, −12, −7 எனக் கொள்க. கட்டத்தில் முதலில் 0 உள்ளது. இந்நான்கனுள் எதுவும் 0ஐவிடப் பெரிதன்று. ஆதலின் கட்டம் மாறாது நின்று, விடை 0 என்றே வரும். அவ்வூரில் எந்நாளும் நிலவாத வெப்பநிலையை நிரல் விடையாகக் கூறிவிட்டது. உண்மை விடை −4 ஆகும்.

இங்குப் பிழை செய்தது பொறியன்று. எண் எதுவும் 0க்குக் கீழ் இராது என்னும் எண்ணம், எழுதியவர் உள்ளத்தில் அவர் அறியாமலே ஒளிந்திருந்தது. மதிப்பெண்ணுக்கு அது பொருந்தும், வெப்பநிலைக்குப் பொருந்தாது. முதற்படியில் 0க்கு மாறாக, வரிசையின் முதல் எண்ணையே கட்டத்தில் எழுதிவிட்டால் குறை நீங்கும். தம் சிந்தனையுள் மறைந்து கிடக்கும் குறையை இவ்வாறு வெளிக்கொணர்ந்து காட்டுதலினாலேயே நிரற்கலை அறிவை வளர்க்கும் கலை ஆகின்றது.

பிழை நேர்ந்ததற்கு மாணவர் நாணுதல் வேண்டா. ஏடா அம்மையார் பெயரால் அச்சேறிய அட்டவணையிலும் நான்காம் படியில், வகுக்கும் எண்ணும் வகுபடும் எண்ணும் இடம் மாறிக் கிடக்கின்றன. அமெரிக்க நாட்டில் ஹார்வர்டுப் பல்கலைக்கழகத்தில் இயங்கிய மார்க் இரண்டு என்னும் கணினி 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் தடைப்பட்டது. உள்ளே ஆராய்ந்தவர்கள் ஒரு விட்டிற்பூச்சி சிக்கியிருத்தலைக் கண்டனர். அதனை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி, நிகழ்ந்ததை எழுதிவைத்தனர். பொறிக்குறையைப் பூச்சி எனக் குறிக்கும் வழக்கு அதற்கு முன்னரே இருந்தது. அன்று உண்மைப் பூச்சியே அகப்பட்டமையால் அந்நிகழ்ச்சி புகழ்பெற்றது. பிழையை மறையாது ஏட்டில் ஒட்டிவைத்த அப்பண்பு கற்போர் கைக்கொள்ளத்தக்கது.

தொடங்குவோர்க்கென ஒரு மொழி

முற்காலத்தில் கணினியை அணுகுதலே அரிதாக இருந்தது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் டார்ட்மத் கல்லூரி உள்ளது. அங்குக் கணிதம் கற்பித்த தாமஸ் கர்ட்ஸ் என்னும் பேராசிரியர், கல்லூரியில் கணினி இல்லாமையால், கட்டளைகள் துளையிடப்பட்ட அட்டைகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, பாஸ்டன் நகர்ப்பக்கம் உள்ள எம்.ஐ.டி. நிறுவனத்திற்குப் புகைவண்டியில் செல்வது வழக்கம். ஒரு சிறு பிழை நேரினும் அதனைத் திருத்த அடுத்த பயணம்வரை காத்திருக்க வேண்டும்.

இந்நிலையை மாற்றக் கருதிய கர்ட்ஸ், ஜான் கெமனி ஆகிய இருவரும், அறிவியல் மாணவரேயன்றிக் கலை மாணவரும் நிரல் எழுதுதல் வேண்டும் என விரும்பினர். ஆகவே, ‘பேசிக்’ என்னும் எளிய நிரல்மொழியை அமைத்தனர். ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் ஏற்பாட்டையும் செய்தனர். அவ்வேற்பாட்டின் பெரும்பகுதியை உருவாக்கியவர்கள் அக்கல்லூரியின் இளங்கலை மாணவர்களே. கணினியினுள் புகுதற்குரிய கட்டளை ‘ஹலோ’ என்றும், விடைபெறுதற்குரிய கட்டளை ‘குட்பை’ என்றும் அமைந்தன. 1964ஆம் ஆண்டு மே 1ஆம் நாள் விடியற்காலை நான்கு மணியளவில் முதல் பேசிக் நிரல்கள் இயங்கி விடை தந்தன. நெடுநாள் காத்திருந்து அறிந்த பிழையை மாணவர் அந்நொடியிலேயே அறிந்து திருத்தும் நிலை பிறந்தது.

இன்று வழி இன்னும் எளிதாகியுள்ளது. எம்.ஐ.டி. நிறுவனத்தார் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஸ்கிராட்ச் என்பதில், கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக அமைந்துள்ளன. சிறுவர் அவற்றைக் கோத்து நிரல் அமைக்கலாம். நெதர்லாந்து நாட்டவரான கைடோ வான் ராசம் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட பைத்தான் என்னும் மொழி, தொடங்குவோர்க்கும் வல்லுநர்க்கும் ஒருங்கே பயன்படுவது. இவ்விரண்டும் விலையின்றிக் கிடைப்பன. பைத்தான் மொழியின் ஒதுக்கப்பட்ட சொற்கள் 35 அளவினவே. ஆங்கிலத்தில் பெரும்புலமை இல்லாதாரும் அவற்றைச் சில நாள்களில் பழகிக்கொள்ளலாம். தமிழ்ச் சொற்களாலேயே கட்டளை எழுதுமாறு அமைந்த எழில் என்னும் நிரல்மொழியும் உண்டு.

கற்போர் கடைப்பிடிக்க வேண்டியவை

பல மொழிகளைச் சிறிது சிறிது சுவைத்து விடுதலினும், ஒன்றைத் தேர்ந்து ஊன்றிக் கற்றலே நன்று. பிறர் எழுதிய நிரலைப் படித்தல் மட்டும் போதாது. கரையில் நின்று நோக்கி நீந்தக் கற்றவர் எவரும் இலர். நாள்தோறும் சிறிது நேரமேனும் தம் கையால் எழுதுதல் வேண்டும். முதலில் சிறு செயலையே மேற்கொள்ளுதல் வேண்டும். வீட்டின் பால் கணக்கு, விளையாட்டுப் போட்டியின் புள்ளிகள், நூலகப் புத்தகங்களின் பட்டியல் முதலியன தொடங்குவோர்க்கு ஏற்றவை. எழுதிய நிரலுக்கு எளிய எண்களை மட்டும் கொடுத்து மகிழாது, 0, குறை எண், வெற்றுப் பட்டியல் ஆகியவற்றையும் கொடுத்துச் சோதித்தல் வேண்டும்.

கேட்ட அளவிலேயே நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இக்காலத்தில் வந்துள்ளன. அவை தரும் நிரலிலும், பனிமலை ஊரின் கணக்கில் ஒளிந்திருந்தது போன்ற பிழை ஒளிந்திருத்தல் கூடும். அதனைக் கண்டுகொள்ள வல்லவர், தாமே எண்ணி எழுதிப் பழகியவரே ஆவர். ஊன்றுகோல் நடப்பவர்க்குத் துணையாகும்; நடக்கக் கல்லாதார்க்கு அது கால் ஆகாது.

ஆகவே, நிரல் கற்க விரும்பும் மாணவர் இன்றே ஒரு தாளை எடுத்து, தாம் நன்கறிந்த ஒரு சிறு செயலைப் படிப்படியாக எழுதுவாராக. எழுதியதை மற்றொருவர் கையில் கொடுத்து, எழுதியவாறே செய்யச் சொல்வாராக. அவர் எங்கே தயங்கி நிற்கின்றாரோ அங்கே பிழை உள்ளது. அதனைத் திருத்தும் அந்நொடியிலேயே அம்மாணவர் நிரற்கலையின் வாயிலைக் கடந்தவர் ஆவார். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் அன்றோ?

பயிற்சி

1. ஏடா லவ்லேஸ் அம்மையாரின் பணி, கணினி இல்லாத மாணவர்க்கு எவ்வாறு ஊக்கம் அளிக்கின்றது?
2. வரிசை, நிபந்தனை, மீள்செயல் ஆகியவற்றை விளக்கி, ஒவ்வொன்றுக்கும் அன்றாட வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருக.
3. வெப்பநிலைக் கணக்கில் நேர்ந்த பிழையின் காரணம் யாது? அஃது எவ்வாறு நீக்கப்பட்டது?
4. தரப்பட்ட எண்களுள் மிகச் சிறியதனைக் காணும் முறையைப் படிப்படியாக எழுதுக. அதனை 15, 8, 23, 8, 11 என்னும் எண்களைக் கொண்டு தாளில் நடத்திக் காட்டுக.
5. “பிழையும் ஓர் ஆசான்” என்னும் தலைப்பில் ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.