பாதியில் நின்ற கேம்களை முழுமையாக விளையாடுங்கள்

"என்னிடம் இருப்பது தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத பழைய லேப்டாப். புதிய கேம்கள் ஓடவில்லை. நல்ல கதை உள்ள பழைய கேம்களைத் தேடினால், அவை அரைகுறையாக வந்தவை, பாதியில் நின்றுவிடும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். அவற்றைப் பணம் கொடுத்து வாங்கலாமா?" என மண்ணச்சநல்லூர் வாசகர் ஒருவர் கேட்டுள்ளார். பலருக்கும் இந்தச் சந்தேகம் இருக்கும் என்பதால் சற்று விரிவாகவே பார்ப்போம்.

பெரிய திட்டத்துடன் தொடங்கி, பணமோ காலமோ போதாமல் அவசரமாக வெளியிடப்பட்ட கேம்கள் ஏராளம். இவற்றில் உள்ள குறைகள் மூன்று வகைப்படும். ஒன்று, தயாரித்த பகுதியைக் கடைசி நேரத்தில் வெட்டிவிடுவது. இரண்டு, கேம் முழுமையாக இருந்தும் பிழைகள் மலிந்திருப்பது. மூன்று, அந்தப் பகுதியைத் தயாரிக்காமலே விட்டுவிடுவது. முதல் இரண்டையும் சரி செய்யலாம். மூன்றாவதைச் சரி செய்ய முடியாது. எந்தக் கேமில் எந்தக் குறை என்று தெரிந்துகொண்டால் ஏமாற்றம் இருக்காது.

1. வெட்டப்பட்ட கேம்

ஸ்டார் வார்ஸ்: நைட்ஸ் ஆப் தி ஓல்ட் ரிபப்ளிக் 2. முதல் பாகத்தை பயோவேர் நிறுவனம் 2003ல் தந்தது. இரண்டாம் பாகம் அப்சிடியன் என்ற புதிய நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 2004 டிசம்பர் பண்டிகைக் கால விற்பனைக்கு வந்தாக வேண்டும் என்பதால் கிடைத்தது ஒன்றரை ஆண்டுக்கும் குறைவான காலம். ரோபோக்கள் மட்டுமே வாழும் ஒரு கிரகம், ஒரு ரோபோ தொழிற்சாலை, இறுதிக் காட்சிகளில் பல என நிறைய வெட்டப்பட்டன. கம்ப்யூட்டருக்கான கேம் 2005 பிப்ரவரியில் வந்தபோதும் அப்படியே வந்தது. முடிவு புரியவில்லை என்று விளையாடியவர்கள் குறைப்பட்டார்கள்.

ஆனால், வெட்டப்பட்ட பகுதிகளின் பைல்கள் பல, பதிவு செய்யப்பட்ட குரல்கள் உட்பட, டிஸ்க்கிலேயே தங்கிவிட்டன. கேமில் அவற்றை அழைக்கும் இணைப்பு மட்டும்தான் இல்லை. ரசிகர்கள் சிலர் சம்பளம் இல்லாமல் பல ஆண்டுகள் உழைத்து இவற்றை மீண்டும் கோத்தார்கள். இந்தத் தொகுப்பின் பெயர் டிஎஸ்எல் ரெஸ்டோர்ட் கன்டென்ட் மாட்.

கேமை ஸ்டீம் தளத்தில் வாங்கியிருந்தால், அதன் வொர்க்ஷாப் பக்கத்தில் இந்தப் பெயரைத் தேடி சப்ஸ்கிரைப் என்பதில் கிளிக் செய்தால் போதும். ஜிஓஜி தளத்தில் வாங்கியவர்கள் மாட் பைலைத் தனியே டவுன்லோட் செய்து, கேம் உள்ள போல்டரைக் காட்டி இன்ஸ்டால் செய்திட வேண்டும். எந்த வழியாயினும், கேமைத் தொடங்கும் முன்பே இதைச் செய்துவிடவும். பாதி விளையாடி சேவ் செய்த பைல்கள் இதனுடன் ஒத்துப்போகாது. ரோபோ கிரகம் தனி மாட் ஆகக் கிடைக்கிறது. முதல் முறை விளையாடுவோருக்கு அது தேவையில்லை.

தொடக்கத்தில் வரும் சுரங்க நிலையம் மெதுவாகவே நகரும். பொறுத்துக்கொள்ளுங்கள். நல்லவர், கெட்டவர் என்ற கணக்கையே கேள்வி கேட்கும் கிரையா என்ற மூதாட்டி உங்களுடன் வருவார். நீங்கள் ஒரு பிச்சைக்காரருக்கு உதவினாலும், விரட்டினாலும் அதன் விளைவைச் சுட்டிக்காட்டிக் கண்டிப்பார். அவருக்காகவே இந்தக் கேமை விளையாடலாம்.

2. பிழைகள் மலிந்த கேம்

வேம்பயர்: தி மாஸ்கரேட் - பிளட்லைன்ஸ். தயாரித்தது ட்ராய்கா நிறுவனம். புகழ்பெற்ற பால்அவுட் கேமை உருவாக்கியவர்களில் மூவர் 1998ல் தொடங்கியது இது. இவர்கள் பயன்படுத்திய சோர்ஸ் இன்ஜின் அப்போது முழுமை பெறவில்லை. வால்வ் நிறுவனம் அதைத் தன் ஹாப்லைப் 2 கேமுக்காக உருவாக்கிக்கொண்டிருந்தது. அந்தக் கேமுக்கு முன்னால் பிளட்லைன்ஸ் வரக் கூடாது என்பது ஒப்பந்தம். இரண்டும் 2004 நவம்பர் 16 அன்று ஒரே நாளில் வந்தன. பிளட்லைன்ஸ் விற்கவில்லை. 2005 பிப்ரவரியில் ட்ராய்கா மூடப்பட்டது. பிழைகளைத் திருத்த வேண்டிய நிறுவனமே இல்லை.

அந்த வேலையை வெர்னர் ஸ்பால் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் தன் ஓய்வு நேரத்தில் எடுத்துக்கொண்டார். அவரது அன்அபிஷியல் பேட்ச் இருபது ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்பட்டுள்ளது. இன்றைய கம்ப்யூட்டர்களில் ராம் அதிகம் இருப்பதாலேயே ஒரிஜினல் கேம் குழம்பி நின்றுவிடும்; அதையும் இந்தப் பேட்ச் சரி செய்கிறது. ஜிஓஜி தளத்தில் பேட்ச் சேர்த்தே தருகிறார்கள். இன்ஸ்டால் செய்கையில் பேசிக், பிளஸ் என இரண்டு வகை கேட்கும். முதல் முறைக்கு பேசிக் போதும்.

கதை லாஸ் ஏஞ்சலஸ் நகரில், இரவில் நடக்கிறது. இதில் ஆட்களைக் கொன்றால் மதிப்பெண் கிடையாது. ஒப்புக்கொண்ட வேலையை முடித்தால்தான் உண்டு. பேசியோ, பூட்டைத் திறந்தோ, மறைந்து சென்றோ முடிக்கலாம். கடைசிப் பகுதி மட்டும் அவசரத்தில் செய்தது. அங்கே சண்டையைத் தவிர வேறு வழி குறைவு. இதை எந்தப் பேட்ச்சும் மாற்றாது. எனவே, தொடக்கத்திலிருந்தே சில புள்ளிகளைச் சண்டைத் திறனுக்கு ஒதுக்கிடவும். இது 18 வயதுக்கு மேற்பட்டோருக்கான கேம். வீட்டில் சிறுவர்கள் இருந்தால் கவனம் தேவை.

3. செய்யப்படாமலே விட்ட கேம்

இதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. அவ்வளவு பழையது அல்ல. புனேயின் நோடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020ல் வெளியிட்ட 'ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்'. 2017ல் மக்களிடம் நிதி திரட்டிய முயற்சி தோற்றது. நிறுவனர்களில் ஒருவரான ஸ்ருதி கோஷ் தன் வீட்டை விற்றுப் பணியைத் தொடர்ந்தார். அசுரர்கள் கவர்ந்து சென்ற தம்பியைத் தேடிச் செல்லும் ராஜியின் கதையைத் துர்க்கையும் விஷ்ணுவும் பேசிக்கொண்டே சொல்கிறார்கள். பழங்கதைகள் நிழற்பாவைக் காட்சிகளாகவும் சுவர் ஓவியங்களாகவும் வருகின்றன. ஐந்தாறு மணி நேரத்தில், கதை முடியாத இடத்தில் கேம் முடிந்துவிடும். மீட்டெடுக்க உள்ளே பைல்கள் இல்லை. ஒரு நீண்ட கதையின் முதல் அத்தியாயம் என்று எண்ணி விளையாடினால் மனம் நிறையும். இதற்கு மட்டும் நல்ல கிராபிக்ஸ் கார்டு தேவை.

கொள்ளிடம் பாலத்தைக் கடந்து திருச்சிக்கு வருபவர்களுக்கு ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் தெரியும். அடித்தளத்துடன் நின்றுபோன அது, சுமார் 400 ஆண்டுகளுக்குப் பின் 1987ல்தான் 13 நிலைகளுடன் 236 அடி உயரத்துக்கு எழுந்தது. தொடங்கியவர்கள் வேறு, முடித்தவர்கள் வேறு. ஆனால், ஏறி நிற்க உறுதியான அடித்தளம் இருந்தது. கேம்களிலும் அப்படித்தான். அடித்தளம் நன்றாக இருந்த கேம்களைத்தான் ரசிகர்கள் தேடி வந்து முடித்தார்கள்.

வாங்கும் முன் கவனிக்க

* கேமின் பெயருடன் பேட்ச், மாட் என்ற சொற்களைச் சேர்த்துத் தேடிப் பாருங்கள். பல ஆண்டுகள் திருத்தப்பட்டுவரும் பேட்ச் இருந்தால் தைரியமாக வாங்கலாம்.

* முதலில் கேம், அடுத்து பேட்ச், பிறகே விளையாட்டு. இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

* ஒரே சேவ் பைலின் மேல் திரும்பத் திரும்ப எழுதாமல், நாலைந்து தனித்தனிப் பெயர்களில் சேவ் செய்திடவும். ஒன்று பழுதானாலும் முந்தையது கைகொடுக்கும்.

* இங்கே சொன்ன இரு திருத்தத் தொகுப்புகளும் இலவசம். ஆனால் ஒரிஜினல் கேம் உங்களிடம் இருக்க வேண்டும். கேமையும் சேர்த்து இலவசமாகத் தருவதாகச் சொல்லும் தளங்கள் பக்கம் போக வேண்டாம். கேமுடன் வைரஸும் சேர்ந்து வரும்.

பழைய லேப்டாப் வைத்திருக்கும் வாசகர், முதல் இரண்டில் ஏதேனும் ஒன்றில் தொடங்கலாம். இரண்டும் தள்ளுபடிக் காலங்களில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன.