டோர்டுக்கு வேர் ஏது?

அன்புள்ள வாசகருக்கு,

தாத்தா வைத்திருந்த பழைய வெப்ஸ்டர் அகராதியில் 'டோர்டு' என்ற சொல்லுக்கு 'அடர்த்தி' என்று பொருள் போட்டிருக்கிறது, வேறெந்த அகராதியிலும் காணோம், இதன் வேர் லத்தீனா கிரேக்கமா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் இல்லை. அதைப் பெற்றெடுத்தது ஒரு துண்டுச் சீட்டு.

அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் மெரியம் நிறுவனம் வெப்ஸ்டரின் இரண்டாம் பதிப்பைத் தயாரித்துக்கொண்டிருந்தது. வேதியியல் சொற்களைக் கவனித்துவந்த ஆஸ்டின் பேட்டர்சன் 1931 ஜூலை 31 அன்று ஒரு சீட்டு எழுதினார். ஆங்கில எழுத்து 'டி', பெரியதோ சின்னதோ, அடர்த்திக்குச் சுருக்கமாக வரும். சுருக்கங்களில் இதையும் சேர்க்கவும். விஷயம் அவ்வளவுதான். பெரிய டி, சின்ன டி இரண்டுக்கும் நடுவே 'அல்லது' என்பதற்கான ஓ, ஆர் என்ற இரண்டு எழுத்துகள். தலைச்சொற்களை எழுத்துக்கு எழுத்து இடம் விட்டுத் தட்டச்சு செய்வது அங்கே வழக்கம். ஆகவே பார்த்தவர் கண்ணுக்கு நான்கும் சேர்ந்து ஒரே சொல்லாகிவிட்டன. சீட்டு சுருக்கங்களின் கட்டுக்குப் போகாமல் சொற்களின் கட்டுக்குப் போனது. பேட்டர்சன் மேல் குற்றமில்லை. பெயர்ச்சொல் என்று முத்திரை குத்தி, உச்சரிப்பும் கொடுத்து, 1934இல் அச்சிலும் ஏற்றினார்களே, அவர்களைத்தான் கேட்க வேண்டும்!

1939 பிப்ரவரி 28 அன்று அகராதியைப் புரட்டிய ஆசிரியர் ஒருவர், இந்தச் சொல்லுக்கு மட்டும் வேர் விளக்கம் இல்லையே என்று துருவப்போய்க் குட்டு உடைந்தது. அந்த வரியைத் தூக்கினால் பக்கத்தில் இடம் காலியாகும். அதற்காகப் பக்கத்திலிருந்த 'டோரே உலை' என்ற பதிவின் விளக்கத்தைக் கொஞ்சம் இழுத்து நீட்டி இடத்தை அடைத்தார்கள். அச்சுக்கூடக் கைவேலை என்றால் இதுதான்.

இப்படிப் பிழையில் பிறந்தவற்றுக்கு 'பேய்ச்சொல்' என்று 1886இலேயே பெயர் வைத்தவர் மொழியறிஞர் வால்டர் ஸ்கீட். அவர் காட்டிய உதாரணம் நம் நாட்டைப் பற்றியது. இந்துக்கள் கைகளில் 'கைம்ஸ்' குத்திக்கொள்கிறார்கள் என்று 1808இல் எடின்பரோ ரெவ்யூ எழுதியது. கத்திகளைக் குறிக்கும் 'நைவ்ஸ்' அச்சில் அப்படித் திரிந்திருந்தது. அலகு குத்துவதைக் கண்டறியாத ஆங்கிலேயர்கள் அது என்ன ஆயுதமோ என்று மிரண்டிருப்பார்கள்.

உங்கள் வீட்டு அகராதி திருத்தத்துக்கு முந்தைய அச்சு. பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
மொழிப்பக்கம் எழுதுபவன்