குளத்துக்கும் ஒரு ஓட்டு

1. இரண்டு நோட்டீஸ்

ஊராட்சித் தேர்தல் வந்துவிட்டது. தெருவெல்லாம் கொடி. சுவரெல்லாம் சின்னம். வீட்டு வாசலில் இரண்டு நோட்டீஸ் கிடந்தன.

மாமியார் இரண்டையும் எடுத்தார். திண்ணையில் உட்கார்ந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். எழுத்துக் கூட்டிப் படித்தார்.

அவருக்கு வயது 56. மூன்று வருடத்துக்கு முன்பு வரை கைநாட்டுதான். எழுத்தறிவு மையத்துக்குப் போனார். படிக்கக் கற்றுக்கொண்டார். இப்போது கையெழுத்தும் போடுகிறார்.

மருமகள் சோறு வடித்துவிட்டு வந்தாள்.

"என்ன அத்தை போட்டிருக்கு?"

"ஒருத்தர் தெருவுக்குத் தெரு போர் போட்டுத் தர்றாராம். இன்னொருத்தி குளத்தைக் காப்பாத்துவாளாம். குளத்துல மண்ணு அள்ளுறதை நிறுத்துவாளாம்."

மருமகள் முகம் மாறியது. அவள் கணவன் மண் லாரியில் லோடு ஏற்றுகிறான். அந்தக் கூலியில்தான் அடுப்பு எரிகிறது.

"மண்ணு அள்ளுறதை நிறுத்தினா அவருக்கு வேலை போயிடும் அத்தை. குளம் சோறு போடுமா? போர் போட்டா தண்ணியாவது கிடைக்கும். என் ஓட்டு போருக்குத்தான்."

மாமியார் கோபப்படவில்லை.

"உன் ஓட்டு உன்னோடது. யாருக்கு வேணும்னாலும் போடு. ஆனா ஒண்ணு கேக்குறேன். போர்ல தண்ணி எங்கேயிருந்து வரும்?"

"பூமிக்குள்ள இருந்து."

"பூமிக்குள்ள எப்படிப் போச்சு?"

மருமகள் பதில் சொல்லவில்லை.

"நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தப்போ குளம் நிறைஞ்சு கிடக்கும். நம்ம கிணத்துல குனிஞ்சு மொண்டுக்கலாம். குளத்துத் தண்ணிதான் பூமிக்குள்ள ஊறி கிணத்துக்கு வந்துச்சு. இப்போ குளத்துல ஆள் உயரத்துக்குப் பள்ளம். மழை பெய்ஞ்சா தண்ணி பள்ளத்துலயே நிக்குது. மடைக்கு ஏறலே. வயலுக்குப் போகலே."

"முன்னேயும் வண்டல் எடுத்தாங்களே அத்தை?"

"எடுத்தாங்க. கோடையிலே மேலாப்புல எடுத்து வயலுக்குப் போட்டாங்க. குளமும் தூர் போச்சு. வயலுக்கும் உரமாச்சு. அது வேற. பள்ளம் தோண்டி வெளியூருக்கு விக்கிறது வேற."

2. ஹிவ்ரே பஜார்

மாமியார் மையத்தில் இருந்து ஒரு சிறு புத்தகம் வாங்கி வந்திருந்தார். அதில் இரண்டு ஊர்களின் கதை இருந்தது. அன்று இரவு மருமகளுக்குப் படித்துக் காட்டினார்.

முதல் ஊர் ஹிவ்ரே பஜார். மகாராஷ்டிர மாநிலத்தில் இருக்கிறது. மாவட்டத்தின் பழைய பெயர் அகமதுநகர். இப்போதைய பெயர் அகில்யாநகர். அங்கே மழை குறைவு. ஒரு வருடத்தில் சுமார் 400 மில்லிமீட்டர்தான் பெய்யும்.

ஒரு காலத்தில் அந்த ஊர் மலையில் மரம் இருந்தது. விறகுக்கு வெட்டினார்கள். மலை மொட்டை ஆனது. மழை பெய்தால் தண்ணீர் நிற்காமல் ஓடியது. மண்ணையும் அடித்துக்கொண்டு போனது. கிணறுகள் வற்றின. மக்கள் பிழைப்புத் தேடி வெளியூர் போனார்கள். ஊரில் சாராயம் பெருகியது. சண்டையும் பெருகியது.

1989இல் ஊராட்சித் தேர்தல் வந்தது. போபட்ராவ் பவார் என்ற படித்த இளைஞரை ஊரார் தலைவர் ஆக்கினார்கள். அவரை எதிர்த்து யாரும் நிற்கவில்லை.

அவர் கிராம சபையைக் கூட்டினார். ஊரார் கூடிப் பேசினார்கள். சில கட்டுப்பாடுகளை ஏற்றுக்கொண்டார்கள்.

மரத்தை வெட்டக் கூடாது.
மலையில் ஆடு மாடுகளை அவிழ்த்துவிட்டு மேய்க்கக் கூடாது.
சாராயம் கூடாது.
குடும்பத்தை அளவாக வைத்துக்கொள்ள வேண்டும்.
ஊர் வேலைக்கு எல்லோரும் உழைப்புத் தர வேண்டும்.

மலைச் சரிவில் வரிசை வரிசையாகப் பள்ளம் வெட்டினார்கள். கரை போட்டார்கள். மரம் நட்டார்கள். ஓடுகிற மழைநீர் நின்றது. நின்ற நீர் மண்ணுக்குள் இறங்கியது. கிணறுகளில் தண்ணீர் ஊறியது. மலையில் புல் வளர்ந்தது. புல்லை அறுத்து வந்து மாட்டுக்குப் போட்டார்கள். பால் பெருகியது.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு போடக் கூடாது. கரும்பு, வாழை போலத் தண்ணீர் நிறையக் குடிக்கும் பயிரும் கூடாது. ஒவ்வொரு வருடமும் பெய்த மழையை அளக்கிறார்கள். கிணற்று நீரையும் அளக்கிறார்கள். குடிநீர் போக மீதி எவ்வளவு என்று பார்க்கிறார்கள். அதற்கு ஏற்ற பயிர் எது என்று கிராம சபையில் முடிவு செய்கிறார்கள். வீட்டு வரவு செலவு போலத் தண்ணீருக்கும் வரவு செலவு.

1995இல் அந்த ஊரில் 168 குடும்பங்கள் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தன. 2010இல் 3 குடும்பங்கள்தான் அப்படி இருந்தன. வெளியூர் போன பல குடும்பங்கள் திரும்பி வந்தன. போபட்ராவ் பவாருக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

மருமகள் கேட்டாள்.

"மேய்க்கக் கூடாதுன்னா ஆடு வெச்சிருக்கிறவங்க என்ன பண்ணுவாங்க? அவங்களுக்குக் கஷ்டம்தானே அத்தை?"

"கஷ்டம்தான். அதனாலதான் கிராம சபையில எல்லாரையும் வெச்சுப் பேசணும். ஒருத்தர் மட்டும் கஷ்டப்பட்டா அது நியாயம் இல்லே."

3. பிளாச்சிமடா

இரண்டாவது ஊர் பிளாச்சிமடா. கேரள மாநிலம் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. பெருமாட்டி ஊராட்சியைச் சேர்ந்தது. தமிழ்நாட்டு எல்லைக்குப் பக்கம். அந்தப் பகுதியில் தமிழ் பேசுகிற மக்களும் வாழ்கிறார்கள்.

2000ஆம் ஆண்டில் அங்கே கொக்கோ கோலா குளிர்பான ஆலை வந்தது. ஊராட்சிதான் உரிமம் கொடுத்தது. ஆலையில் பலருக்கு வேலை கிடைத்தது. ஆழ்துளைக் கிணறுகளில் இருந்து தினமும் லட்சக்கணக்கான லிட்டர் தண்ணீர் எடுத்தார்கள்.

சில மாதங்கள் சென்றன. கிணற்று நீர் குறைகிறது என்று பக்கத்துக் குடியிருப்பு மக்கள் சொன்னார்கள். நீரின் சுவை மாறிவிட்டது, சோறு வேகவில்லை, குடிக்க முடியவில்லை என்றார்கள். பெண்கள் குடத்தோடு வெகுதூரம் நடந்தார்கள். தங்களால் கேடு இல்லை என்று நிறுவனம் மறுத்தது.

2002 ஏப்ரல் 22இல் ஆலை வாசலில் போராட்டம் தொடங்கியது. அதில் முன்னே நின்றவர் மயிலம்மா. அவர் பழங்குடிப் பெண். பள்ளிப் படிப்பு இல்லாதவர். ஆனால் தண்ணீரைப் பற்றி அவருக்குத் தெரிந்தது. 2007இல் அவர் காலமானார்.

மக்களின் குரல் ஊராட்சியை எட்டியது. 2003 ஏப்ரலில் ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க ஊராட்சி மறுத்தது. உரிமம் கொடுத்ததும் ஊராட்சிதான். மறுத்ததும் அதே ஊராட்சிதான்.

வழக்கு நடந்தது. நிலத்தடி நீர் பொதுமக்களின் சொத்து என்று கேரள உயர் நீதிமன்ற நீதிபதி 2003 டிசம்பரில் சொன்னார். அதே நீதிமன்றத்தின் வேறு அமர்வு 2005இல் மாற்றிச் சொன்னது. அளவோடு நீர் எடுக்க நிறுவனத்துக்கு அனுமதி தந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. ஆனால் 2004 மார்ச்சிலேயே ஆலை நின்றுவிட்டது. மீண்டும் தொடங்கப் போவதில்லை என்று 2017இல் நிறுவனம் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

கேரள அரசு ஒரு குழு அமைத்தது. ஏற்பட்ட இழப்பு 216 கோடி ரூபாய்க்கு மேல் என்று 2010இல் குழு கணக்கிட்டது. இழப்பீடு வாங்கித் தர 2011இல் கேரளச் சட்டமன்றம் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. அது சட்டம் ஆகவில்லை.

மாமியார் புத்தகத்தை மூடினார்.

"பார்த்தியாம்மா? கெட்ட தண்ணியைத் திரும்ப நல்லதாக்க எத்தனை வருஷம் ஆகுது. உரிமம் கொடுக்கிறதுக்கு முன்னாடியே கேள்வி கேட்டிருந்தா?"

4. மூன்று கேள்விகள்

மறுநாள் மாமியார் ஒரு தாளில் மூன்று கேள்வி எழுதினார்.

ஒன்று: நம் ஊர் நீர் எங்கே இருந்து வருகிறது? அதைக் காக்க என்ன செய்வீர்கள்?
இரண்டு: அதனால் யாருக்காவது பிழைப்புப் போனால் அவர்களுக்கு என்ன வழி?
மூன்று: வரவு செலவுக் கணக்கைக் கிராம சபையில் வைப்பீர்களா?

முதலில் போர் போடுகிறவர் ஓட்டுக் கேட்டு வந்தார். மாமியார் தாளைப் பார்த்துக் கேட்டார்.

"பாட்டிம்மா, முதல்ல ஜெயிக்க வைங்க. எல்லாம் பண்ணித் தர்றேன்" என்றார். கூட வந்தவர் மருமகளிடம் ஒரு கவரை நீட்டினார். மருமகள் கையை நீட்டவில்லை. "வேணாங்கண்ணே" என்றாள்.

மாலையில் குளத்தைக் காப்பேன் என்றவர் வந்தார். மருமகளே முந்திக்கொண்டு இரண்டாவது கேள்வியைக் கேட்டாள்.

"மண்ணு வேலை நின்னா எங்க வீட்டுல உலை வைக்க முடியாதுக்கா. அதுக்கு என்ன வழி?"

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"பொய் சொல்ல மாட்டேன் தங்கச்சி. லாரிக் கூலி அளவுக்கு உடனே கிடைக்காது. குளத்தைத் தூர் வாரணும். கரையை உயர்த்தணும். மரம் நடணும். ஊரக வேலைத் திட்டத்துல அந்த வேலையைக் கேட்டு வாங்கலாம். லோடு ஏத்துறவங்களுக்கு முதல்ல கொடுக்கணும்னு கிராம சபையில பேசுவேன். குளம் நிறைஞ்சா வயல் வேலை வரும். அதுக்கு ஒண்ணு ரெண்டு வருஷம் ஆகும்."

அவர் போன பிறகு மருமகள் சொன்னாள்.

"ஒண்ணு ரெண்டு வருஷம் எப்படி ஓட்டுறது அத்தை?"

"கஷ்டம்தான். ஆனா மண்ணும் எத்தனை வருஷத்துக்கு வரும்? மண்ணு தீர்ந்தா லாரி வேற ஊருக்குப் போயிடும். நாம எங்கே போவோம்?"

மருமகள் வெகுநேரம் பேசாமல் இருந்தாள்.

5. ஓட்டுக்குப் பிறகு

தேர்தல் நாள் வந்தது. இருவரும் சேர்ந்து போனார்கள். தனித்தனியே ஓட்டுப் போட்டார்கள். யாருக்குப் போட்டாய் என்று மாமியார் கேட்கவில்லை. மருமகளும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் மருமகள் கேட்டாள்.

"ஓட்டுப் போட்டாச்சு. இனிமே அஞ்சு வருஷம் கழிச்சுத்தானே அத்தை?"

"யாரு சொன்னா? அடுத்த கிராம சபைக்கு நீயும் வா. யாரு ஜெயிச்சாலும் அதே மூணு கேள்வி இருக்கு."

கிராம சபை நாளில் இருவரும் போனார்கள். வருகைப் பதிவேட்டில் மாமியார் தன் பெயரை எழுதினார். மை தொட்டு வைக்கும் பெட்டியை அவர் தொடவில்லை. அடுத்த வரியில் மருமகள் கையெழுத்துப் போட்டாள். பிறகு முன் வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். தாள் மருமகள் கையில் இருந்தது.

தெரிந்துகொள்வோம்

ஊராட்சிகளுக்கு வலிமை தர அரசியல் சட்டத்தில் 73ஆவது திருத்தம் செய்யப்பட்டது. அது 1993 ஏப்ரல் 24 முதல் நடப்புக்கு வந்தது.

ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத் தக்க 29 துறைகளின் பட்டியல் அரசியல் சட்டத்தில் இருக்கிறது. குடிநீர், சிறு பாசனம், மரம் வளர்ப்பு, விறகு, தீவனம் ஆகியவையும் அதில் உண்டு. எந்த அதிகாரத்தைத் தருவது என்பதை மாநில அரசு சட்டம் போட்டு முடிவு செய்யும்.

ஊராட்சியின் காலம் 5 ஆண்டு. மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்கள் பெண்களுக்கு உரியவை. பல மாநிலங்களில் பாதி இடங்கள் பெண்களுக்கு.

18 வயது நிறைந்து, வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் ஓட்டுப் போடலாம். பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் கிராம சபையின் உறுப்பினர்கள்.

ஓட்டுக்குப் பணம் கொடுப்பது குற்றம். வாங்குவதும் குற்றம்.

கூடிப் பேசுவோம்

1. "குளம் சோறு போடுமா?" என்று மருமகள் கேட்டாள். நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?
2. வண்டல் எடுப்பதற்கும் பள்ளம் தோண்டி மண் விற்பதற்கும் என்ன வேறுபாடு?
3. ஹிவ்ரே பஜாரில் எந்தப் பயிர் போடலாம் என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்?
4. பிளாச்சிமடாவில் ஊராட்சி தன் முடிவை மாற்றிக்கொண்டது ஏன்?

செய்து பார்ப்போம்

உங்கள் ஊரில் எத்தனை குளம், கிணறு, ஓடை இருக்கின்றன? பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். எவை நன்றாக இருக்கின்றன? எவை கெட்டுப்போயின? அடுத்த கிராம சபைக்குப் போகும்போது அந்தத் தாளைக் கையில் எடுத்துச் செல்லுங்கள்.