கிண்டியில் சிவில் படித்தவர்

அன்பு மருமகளுக்கு,

செயற்கை நுண்ணறிவு, ரோபோ, குவாண்டம் கணினி, பிளாக்செயின் என்று ஆர்வங்களையெல்லாம் வரிசையாக எழுதிவிட்டு, பொறியியல் கலந்தாய்வில் கிடைத்ததோ சிவில்தான் என்று வருத்தத்தோடு முடித்திருந்தாய். அந்த வருத்தம் ஒருபுறம் இருக்கட்டும். முதலில் ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்.

சித்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் 1937-இல் பிறந்தவர் ராஜ் ரெட்டி. கிண்டி பொறியியல் கல்லூரியில் 1958-இல் பட்டம் பெற்றார், படித்தது சிவில். மேற்படிப்புக்காக ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். சிட்னியில் ஐபிஎம் நிறுவனத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தபின் ஸ்டான்ஃபோர்டு போய், செயற்கை நுண்ணறிவுத் துறைக்கு அந்தப் பெயரையே சூட்டிய ஜான் மெக்கார்த்தியிடம் மாணவராகச் சேர்ந்தார். 1966-இல் முனைவர் பட்டம் பெற்றார்.

மனிதர் பேசுவதைக் கணினிக்குப் புரியவைக்க முடியுமா? அவர் கையில் எடுத்த கேள்வி இது. அந்தக் காலக் கணினியின் வேகத்துக்கும் நினைவகத்துக்கும் இது மலையளவு வேலை. ஆனாலும் அவர் கேள்வியை மாற்றவில்லை. 1969-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்கு மாறிய பிறகும் அதே வேலைதான். அங்கே 1976-இல் உருவான ஹார்பி என்ற அமைப்புக்குத் தெரிந்த சொற்கள் 1011. முனைவர் பட்டம் பெற்றுப் பத்தாண்டு கழித்து எட்டிய இடம் அது! எண்பதுகளின் இறுதியில் அவருடைய மாணவர் காய்-ஃபூ லீ உருவாக்கிய ஸ்ஃபிங்க்ஸ், ஒருவர் குரலுக்கென்று பழக்காமலே யார் தொடர்ந்து பேசினாலும் பின்தொடர்ந்தது. 1994-இல் எட்வர்ட் ஃபைகன்பாமுடன் சேர்ந்து ரெட்டிக்குக் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது கிடைத்தது. ஆசியாவில் பிறந்தவர்களில் அதை முதலில் பெற்றவர் அவர்தான்.

அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது துறையின் பெயர் அல்ல; விடாமல் பிடித்த ஒரு கேள்வி. உன் பட்டியலில் இல்லாதது அதுதான் என்று மாமாவுக்குத் தோன்றுகிறது.

பட்டியலில் உள்ளவை தனித்தனி உலகங்களும் அல்ல. எம்-1 கணிதத் தாளில் மேட்ரிக்ஸ் படிக்கிறீர்கள் அல்லவா, அரியர் விழாமல் தாண்டினால் போதும் என்று பலர் நினைக்கும் பகுதி? குவாண்டம் கணினியின் ஒவ்வொரு கேட்டும் ஒரு மேட்ரிக்ஸ். ரோபோவின் கை எங்கே நிற்கிறது என்று கணக்கிடுவதும் மேட்ரிக்ஸ். கட்டடத்தின் சட்டகம் சுமையைத் தாங்குமா என்று மேல்வகுப்பில் உனக்குச் சொல்லித்தரப்போகும் ஸ்டிஃப்னஸ் முறையும் அதுவே. அதன் வழியில் வளர்ந்த முறைக்கு ஃபைனைட் எலிமென்ட் என்ற பெயரை 1960-இல் தந்த ரே கிளஃப், பெர்க்லியில் சிவில் பேராசிரியர்.

செயற்கை நுண்ணறிவையே எடுத்துக்கொள். டொராண்டோவில் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இல்யா சுட்ஸ்கெவர், ஜெஃப்ரி ஹின்டன் மூவரும் 2012-இல் அலெக்ஸ்நெட் என்ற நரம்பு வலைப்பின்னலைச் செய்தார்கள். கையில் இருந்தவை வீடியோ கேம் ஆடுவோர் வாங்கும் ஜிடிஎக்ஸ் 580 கிராஃபிக்ஸ் அட்டைகள் இரண்டு, ஒவ்வொன்றிலும் 3 ஜிபி நினைவகம். பன்னிரண்டு லட்சம் படங்களைக் காட்டி ஐந்தாறு நாள் பழக்கினார்கள். படத்தில் இருப்பதை அடையாளம் காணும் போட்டியில் அடுத்து வந்தவரின் பிழை 26 சதவீதம், இவர்களுடையது 15. அந்த அட்டைகள் அசுர வேகத்தில் செய்தது மேட்ரிக்ஸ்களின் பெருக்கலும் கூட்டலும்தான். ஹின்டன் இந்த வழியில் 1986-க்கு முன்பிருந்தே உழைத்து வந்தவர். அவருக்கு இயற்பியல் நோபல் வந்தது 2024-இல்.

பிளாக்செயினை இப்போதைக்குத் தள்ளி வை. மற்றவற்றுக்கு என்பிடெல் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரே நேரத்தில் நாலு பாடத்தில் பெயர் கொடுக்காதே. ஒன்றை எடு, கடைசி அசைன்மென்ட் வரை போ.

இன்னொன்று. நிரல் எழுதித் தரும் ஏஐ கருவிகளை எல்லாரும் பயன்படுத்துகிறார்கள், நீயும் பயன்படுத்து. ஆனால் முதல் ஆண்டில் முதல் முயற்சி உன்னுடையதாகவே இருக்கட்டும். எங்கே தப்பு என்று அரைநாள் தேடித் திணறும்போதுதான் கணினி உள்ளே எப்படி வேலை செய்கிறது என்பது பிடிபடும். தேடி முடித்த பிறகு கருவியிடம் கேள், அதன் விடையை உன் விடையோடு ஒப்பிடு.

தொடங்குவதற்கு ஒரு கேள்வி வேண்டுமானால், இதோ. பைதானில் 'நிலா' என்ற சொல்லின் நீளத்தைக் கேள். 4 என்று சொல்லும். நம் கணக்கில் எழுத்து இரண்டுதான். யூனிகோடில் ந, மேல்விலங்கு, ல, துணைக்கால் என்று நான்கு குறியீடுகள். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆகப் பன்னிரண்டு. அதையே திருப்பிப் போடச் சொன்னால் துணைக்கால் தனியே முன்னால் நிற்கும், மேல்விலங்கு லகரத்தின் மேல் ஏறிக்கொள்ளும். தமிழ் எழுத்துகளைச் சரியாக எண்ணும் நிரல் ஒன்றை எழுது. அது முடிந்தால், பள்ளியில் படித்த நேர், நிரை நினைவிருக்கும், சொல்லை அசை பிரிக்கவும் வை. நிலா நிரையசை என்று அது சொல்ல வேண்டும்.

'க்ஷ', 'ஸ்ரீ' இரண்டையும் ஒற்றை எழுத்தாக எண்ணுகிறதா என்று சோதித்துவிட்டு அனுப்பு. மாமா பார்த்து, தவறு இருந்தால் வரி எண்ணோடு எழுதுகிறேன்.

அன்புடன்,
மாமா